இறங்கத் தெரியாத முப்பத்திரண்டு பேர்

"எத்தனை குஞ்சு வேணும்?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"எத்தனை ஏறும்?" என்று கேட்டார் விசில் அக்கா.

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர் வாயில் அதுதான் வரும். கடைக்காரப் பெண்ணுக்கு இந்த வரலாறு தெரியாது. இருபத்திரண்டு வயசு இருக்கும். காதில் இயர்போன், சட்டைப் பையில் தீவனத் தூசி. ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு, "எதுல ஏறும்?" என்றாள்.

அக்கா மேசைமேல் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். பக்கவாட்டில் காற்றுக்காக ஓட்டை போட்ட பெட்டி. உள்ளே பிறந்து ஒருநாள் ஆன ஆறு கோழிக்குஞ்சுகள் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. மீதிப் பெட்டி காலி. மத்தியானம் இரண்டரை மணி வண்டி மாதிரி இருந்தது. காலி இடத்தோடு ஒரு வண்டி கிளம்புவதை அக்காவால் ஒருநாளும் சகித்துக்கொள்ள முடிந்ததில்லை.

"ஆறு போதும்மா. மொத தடவைதானே? ஒண்ணே ஒண்ணு கேட்டா நாங்க தரமாட்டோம். தனியா விட்டா கத்திக் கத்தியே செத்துரும். மூணுக்குக் கீழ விக்கிறதில்ல. புதுசா வளக்கிறவங்களுக்கு ஆறு கரெக்ட்."

"பெட்டி பாதிகூட ரொம்பலையே."

"பெட்டி வீடு வரைக்கும் கொண்டு போறதுக்கும்மா. வளக்கிறதுக்கு இல்ல."

"சரி, கொஞ்சம் நெருக்கிப் போட்டா?"

அந்தப் பெண் இரண்டாவது காதையும் விடுவித்தாள். விஷயம் பெரிசு என்று புரிந்துவிட்டது.

நெருக்கிப் போட்டதில் முப்பத்திரண்டு ஏறியது. உட்கார இருபத்துநாலு, நிற்க எட்டு என்று அக்கா கணக்கு வைத்துக்கொண்டார். வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "தாராளமா" என்றார். ஐம்பது சீட் வண்டியில் தொண்ணூற்றெட்டுப் பேரை ஏற்றியபோதும் அவர் இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுபெற்று எட்டு மாதம். 'விசில் அக்கா' என்ற பெயர் டிப்போவில் வைத்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. அக்கா மூன்றாவதாக ஒன்று கண்டுபிடித்திருந்தார்: நீளமாக இழுத்து, கடைசியில் ஒரு வெட்டு. அதற்கு அர்த்தம், "படிக்கட்டில நிக்கிற மகராசா, உள்ள வா." அந்த விசிலுக்கு உள்ளே வராத ஆளை அந்த ரூட்டில் யாரும் பார்த்ததில்லை. தொண்ணூற்றெட்டாவது ஆளும் வந்தான். எங்கே நின்றான் என்பதுதான் தெரியவில்லை.

கணவரும் பஸ்ஸில்தான், டிரைவர்; வேறு ரூட். காலையில் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒருமுறை, சாயங்காலம் இந்தப்பக்கம் ஒருமுறை இரண்டு வண்டிகளும் எதிரெதிரே கடக்கும்போது ஹாரன் அடிப்பார். அக்கா விசில் ஊதுவார். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் பெரும்பகுதி அப்படித்தான் நடந்தது. அதனால்தான் சண்டையே இல்லை என்று அக்கா சொல்வார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

இப்போது குஞ்சுக்கு என்ன அவசரம் என்றால், மகனிடம் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

மகன் இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். நல்ல பிள்ளை. கவலைப்படுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. இரண்டு மாதம் முன்னால் அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. ஆணியில் தொங்கிய விசிலை எட்டி எடுத்து ஊதினார். ஒரு மணி நேரம் ஊதினார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்; "பாவம், வேலை ஞாபகம் வந்துடுச்சு போல" என்று நினைத்து மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம் என்று வந்தவர்தான் கண்டுபிடித்தார்.

அன்றிலிருந்து மகன் பிடித்துக்கொண்டான். "வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடும்மா."

இருபத்தாறு வருடமாக அதே வாடகை வீடு. இரண்டு அறை, சமையலறை, பின்னால் சிமெண்ட் போட்ட ஒரு முற்றம். விட்டால் திரும்பக் கிடைக்காது. வீட்டுக்காரரின் மச்சான் குடும்பம் சாமான் கட்டாத குறையாகக் காத்திருந்தது. மகன் வீட்டில் அக்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அதுவும் இரண்டு அறைதான். உள் அறையில் மகனும் மருமகளும். முன் அறை சோபாவில் மருமகளின் அப்பா, அதாவது அக்காவின் சம்பந்தி; சோபாவும் அவரும் இனிமேல் பிரியமாட்டார்கள். சமையலறைத் தரையில் பரீட்சைக்குப் படிக்கிற மருமகளின் தங்கை. அக்காவுக்கு ஒரு மடக்குக் கட்டில், பிரிட்ஜுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில். யாராவது பாத்ரூம் போக வேண்டுமானால் கட்டிலை மடக்க வேண்டும். கட்டிலை மடக்க வேண்டுமானால் அக்கா எழுந்திருக்க வேண்டும்.

"ஒரு ஆளுக்கு எடம் இல்லாமலா போயிடும்?" என்றான் மகன் போனில்.

அது அக்கா பேசுகிற பேச்சு. பெற்ற பிள்ளை திருப்பிப் பேசினால் என்ன சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"நான் எப்படிடா வர முடியும்? கோழி வளக்கிறேன்."

"என்னது?"

"கோழி. பின்னால முற்றத்துல. வாயில்லா ஜீவனை விட்டுட்டு வரச் சொல்றியா?"

"சரிம்மா. நாலு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வர்றோம். நீ அதுங்களை ஒழுங்கா வளக்கிறதைப் பாத்தேன்னா நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா சாமானைக் கட்டு. வீட்டுக்காரர்கிட்ட நானே சாவியக் குடுத்துடுறேன்."

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை அக்கா குஞ்சுக் கடை வாசலில் நின்றார்.

வீட்டுக்குப் பெட்டி வந்ததும் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி லிஃப்ட் மெக்கானிக், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். லிஃப்ட் மோட்டார் வந்து இறங்கிய ஒரு பிளைவுட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலடிக்கு மூன்றடி, கனமான அடிப்பலகை. உள் அறையில் வைத்து, மரச்சீவல் பரப்பி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டான். பிறகு பழக்கதோஷத்தில் பெட்டியின் உள்பக்கம் எதையோ தேடினான்.

"என்னடா தேடுற?"

"கெப்பாசிட்டி போர்டு."

"மரப்பெட்டியில ஏதுடா போர்டு?"

"அப்போ நாமதான் கணக்குப் போடணும்." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். "அடிப்பலகை எப்படியும் அறுபது கிலோ தாங்கும். ஒரு குஞ்சு நாப்பது கிராம். ஆயிரத்து ஐநூறு குஞ்சு போடலாம்க்கா. நீ முப்பத்திரண்டைப் போட்டு எடத்தை வேஸ்ட் பண்ற."

ஒருவர் ஆளை அடைப்பதில் நிபுணர், இன்னொருவர் எடையைத் தூக்குவதில் நிபுணர். இரண்டு நிபுணர்களும் சேர்ந்து பார்த்துத் திருப்தி அடைந்தார்கள். பொதுவாக விபத்துகளுக்கு முன்னால் இப்படித்தான் நடக்கிறது.

முதல் வாரம் அக்கா அசத்தினார். கடைக்காரப் பெண் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள்: பல்புக்கு அடியில் எல்லாம் குமிந்தால் குளிருது, பல்பைவிட்டு ஓடினால் சுடுது, பரவலா நின்னால் சரி. மற்றவர்கள் இதைப் புரிந்துகொள்ளத் தெர்மாமீட்டர் வாங்குவார்கள். அக்காவுக்கு ஒரு பார்வை போதும். கூட்டம் எங்கே குமிகிறது, எங்கே பிதுங்குகிறது, எவன் எவனைத் தள்ளுகிறான் என்பதெல்லாம் அவருக்கு முதுகிலேயே தெரியும். பல்பை நாலு விரல் ஏற்றுவார், இரண்டு விரல் இறக்குவார். தண்ணீர்த் தட்டில் குஞ்சு விழுந்து சாகாமல் இருக்கக் கோலிக்குண்டு போட்டு வைத்தார். தீவனம் வைக்கும்போதெல்லாம் இரண்டு விசில். மூன்றாம் நாளே முப்பத்திரண்டும் விசிலுக்கு ஓடி வந்தன.

"வழக்கமா ரெண்டு மூணு செத்துடும்" என்று கடைக்காரப் பெண் எச்சரித்திருந்தாள். ஒன்றுகூடச் சாகவில்லை. அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.

இரண்டாவது வாரம் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு ஆனது. இறக்கை முளைத்தது. மூன்றாவது வாரம் கழுத்து நீண்டது, கால் நீண்டது, குணம் கெட்டது. தீவனத் தட்டைச் சுற்றி நிற்க இடம் போதாமல் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறின. தண்ணீர் கொட்டி, மரச்சீவல் ஈரமாகி, அறைக்குள் போனால் கண் எரிந்தது. வியாழக்கிழமை ஒரு குஞ்சு இன்னொன்றின் வாலில் கொத்தி இறகைப் பிடுங்கித் தின்றது. நன்றாக ருசித்துத் தின்றது.

அக்கா பதறவில்லை. இதெல்லாம் பார்த்த கதைதானே. எந்த ரூட்டிலும் ஒரு கட்டம் வரும். மூச்சுவிட முடியாது, கால் மிதி, முழங்கை இடி, கெட்ட வார்த்தை. கண்டக்டருக்குத் தெரிந்த ரகசியம் ஒன்றுதான்: பல்லைக் கடித்துக்கொண்டு மார்க்கெட் ஸ்டாப் வரைக்கும் போய்விட வேண்டும். அங்கே பாதி வண்டி இறங்கிவிடும். முப்பத்தோரு வருடத்தில் மார்க்கெட் ஸ்டாப் வராத பயணம் ஒன்றுகூட இல்லை.

அக்கா மார்க்கெட் ஸ்டாப்புக்காகக் காத்திருந்தார். ஆறு நாள் காத்திருந்தார். நீள விசில் ஊதினார். "பின்னால போ, பின்னால போ, அங்க காலியாத்தானே இருக்கு" என்று பெட்டியின் காலியில்லாத பின்பக்கத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். யாரும் இறங்கவில்லை.

புதன்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது ஒரு குஞ்சு மூலையில் தலையைச் செருகி நின்றது. அது ஆரம்பத்திலிருந்தே ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்ததால் அக்கா அதற்கு 'ஃபுட்போர்டு' என்று பெயர் வைத்திருந்தார். வால் இருந்த இடத்தில் இறகே இல்லை. ரத்தம். நாலைந்து குஞ்சுகள் வரிசையில் நின்று அதே இடத்தில் கொத்திக்கொண்டிருந்தன. கோபம்கூட இல்லாமல், வேலை மாதிரி கொத்தின.

அக்கா ஃபுட்போர்டைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, எங்க வீட்டுக் குஞ்சு ஒண்ணை மத்ததெல்லாம் கொத்துதும்மா. எது கெட்டதுன்னு கண்டுபிடிச்சு வெளிய எடுத்துட்டாச் சரியாயிடுமா?"

"மொத்தம் எத்தனை இருக்கு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"நீதானேம்மா எண்ணிப் போட்ட."

"ஐயோ, அந்த முப்பத்திரண்டா? இப்பவுமா முப்பத்திரண்டு? பெட்டி எவ்வளவு?"

"நாலுக்கு மூணு."

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. மொத வாரம் ஒரு சதுர அடில ரெண்டு நிக்கலாம். அப்பவே உங்களுக்கு அதிகம்தான். இப்போ ஒண்ணுக்கு ஒரு அடி வேணும். பன்னெண்டுதான் நிக்கும். பெரிசானா அதுவும் நிக்காது."

"ஏத்தினப்போ எல்லாம் நின்னுதே."

"ஏத்தினப்போ நாப்பது கிராம். உங்க பஸ்ல ஏறினவன் அடுத்த ஸ்டாப்புக்குள்ள ஆறு மடங்கு பெருத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" அவள் எங்கிருந்தோ அக்காவின் தொழிலைத் தெரிந்துகொண்டிருந்தாள். அனேகமாக அக்காவே சொல்லியிருப்பார்; எல்லாரிடமும் சொல்வார். "அதுலயும் இங்க யாரும் இறங்க மாட்டாங்க."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அந்தக் கொத்துறதை மட்டும் எடுத்துட்டா?"

"அதை எடுத்தா அடுத்தது கொத்தும். கெட்ட குஞ்சுன்னு ஒண்ணு கிடையாதும்மா. எடம் இல்ல, அவ்வளவுதான். பக்கத்துல எது நிக்குதோ அதைக் கொத்தும். இன்னொண்ணு, அடிபட்டதைத் தனியா வைக்காதீங்க. கூட ஒண்ணைப் போடுங்க, சாதுவாப் பாத்து. இல்லேன்னா திரும்ப விடுறப்போ புது ஆள்னு நெனச்சு இன்னும் கொத்தும்."

இருபது பேரை இறக்க வேண்டும். முப்பத்தோரு வருடத்தில் அக்கா பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது மொத்தம் நாலே பேர்; அதில் ஒருவர் ஆட்டோடு வந்தவர், ஆட்டை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளச் சம்மதித்தும் அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று மகனிடம் போனில் பீற்றிக்கொண்டது வேறு. பன்னிரண்டைக் காட்டினால் மகன் என்ன சொல்வான்? முப்பத்திரண்டைக் காட்டினால், அதில் எத்தனைக்கு வால் இருக்கும்?

தம்பி வந்து பெட்டியைப் பார்த்தான். "எடை இன்னும் லிமிட்டுக்குள்ளதான்க்கா இருக்கு" என்றான்.

"உன் எடையில இடி விழ. பிடி இந்த அட்டைப்பெட்டியை. டிப்போவுக்குப் போறோம்."

யாரை இறக்குவது என்று அக்கா பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையைவிட்டார். கைக்கு வந்ததை எடுத்தார். தையல்காரருக்கு நாலு. அவர் முதலில் மாட்டேன் என்றார். "ஒரு மணி நேரம் என் விசிலைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, அந்தக் காதுக்குப் பிராயச்சித்தம்" என்றதும் வாங்கிக்கொண்டார். மீதிப் பதினாறும் டிப்போவுக்குப் போயின.

டிப்போவில் ஒரே வரவேற்பு.

"என்னக்கா, பென்ஷனுக்குப் பதிலா கோழி குடுத்துட்டானா?" என்றார் டைம்கீப்பர்.

"பேசாம அஞ்சு எடுத்துக்கோ. முட்டைக்கு. குழம்புக்குன்னு காதில விழுந்துச்சு, வீட்டுக்கே வருவேன்."

"அஞ்சு எதுக்கு? ஒண்ணு குடு, பொண்ணு ஆசைப்படுவா."

"ஒண்ணு தரமாட்டேன். ஒண்ணு செத்துப்போகும். மூணுக்குக் கீழ பேச்சே இல்ல."

"எவ்வளவு எடம் வேணும்?"

அந்தக் கேள்வியை அக்காவிடம் அந்த டிப்போவில் யாரும் கேட்டதில்லை. "ஒண்ணுக்கு ஒரு சதுர அடி, இப்போதைக்கு" என்றார். "உன் வீட்டு மாடியை எனக்குத் தெரியும். அஞ்சு நிக்கும். ஆறு கேட்டாலும் தரமாட்டேன்."

டைம்கீப்பருக்கு அஞ்சு, ஒர்க்ஷாப் மெக்கானிக்குக் கொல்லைப்புறம் இருந்ததால் அஞ்சு, அக்காவோடு கடைசியாக ஓட்டிய டிரைவருக்கு ஆறு. டிரைவர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "கண்டக்டரம்மா ஆளைக் குறைச்சு அனுப்புறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. சொல்லாததைப் பார்த்து டிரைவர்தான் பயந்துபோனார்.

வீட்டுப் பெட்டியில் பத்து, தொட்டியில் ஃபுட்போர்டும் அதற்குத் துணையாகப் போட்ட ஒரு சாதுவும். வெள்ளிக்கிழமைக்குள் கொத்தல் நின்றது. பத்தும் காலை நீட்டிப் படுத்தன. குஞ்சுகள் படுக்கும் என்பதையே அக்கா மறந்துவிட்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் தொட்டியிலிருந்த இரண்டையும் சேர்த்து உள்ளே விட்டார். பத்தும் திரும்பிப் பார்த்தன. ஒன்று வந்து ஃபுட்போர்டை முகர்ந்தது. பிறகு எல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போயின.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகனும் மருமகளும் வந்து இறங்கினார்கள். மகன் கையில் மடித்த அட்டைப்பெட்டிகள், ஒரு பெரிய டேப் ரோல். மருமகள் கையில் ஒன்றும் இல்லை; பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருப்பவள், வாரம் ஆறு நாள் பல்வலிக்காரர்களிடம் சிரித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொள்வாள். பஸ்ஸிலும் பேசவில்லை போலிருந்தது.

மகன் நேராக உள் அறைக்குப் போனான். எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான்.

"பன்னெண்டுதான் இருக்கு. முப்பத்திரண்டுன்னு சொன்ன?"

"இருந்துச்சு."

"அம்மா! இருபது செத்துப் போச்சா?"

"வாயக் கழுவுடா. ஒண்ணுகூடச் சாகல. குடுத்துட்டேன்."

"ஏன்?"

அக்காவுக்கு நாக்கில் ஒரு பொய் வந்து தயாராக நின்றது. அதை இறக்கிவிட்டார். "எடம் பத்தல. நான் அதிகமா ஏத்திட்டேன்."

மகன் ஒரு பெருமூச்சு விட்டான். கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளருக்குப் பவர் கூடியிருப்பதைச் சொல்வதற்கு முன்னால் விடுகிற மூச்சு. "பாத்தியா? இதுக்குத்தான் சொல்றேன். உன்னால இதைச் சமாளிக்க முடியலம்மா. ஒத்துக்கோ. பேசுன பேச்சு ஞாபகம் இருக்குல்ல?" டேப் ரோலை மேசைமேல் வைத்தான். வைத்த சத்தம் கேட்டது.

மருமகள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அத்தை, இதுக்கு ஏன் வால் இல்ல?" என்றாள்.

"மத்ததுங்க பிடுங்கிடுச்சும்மா."

"எதுக்கு? இது என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதுங்க மேலயும் தப்பு இல்ல. நெரிசல்ல நிக்கிறதுங்க, பக்கத்துல எது இருக்கோ அதைக் கொத்துது. எடம் விட்டதும் நிறுத்திடுச்சு. இப்போ பாரு, அதுகிட்டதான் தூங்குது."

மருமகள் ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. தீவனத் தூசியாக இருக்கலாம். பிறகு திரும்பாமலேயே, "என்னங்க, இதுல ஒரு மூணு நாம எடுத்துட்டுப் போலாமா?" என்றாள்.

"மூணா? எங்க வைக்கிறது?"

"சின்னதுதானே. பிரிட்ஜுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவுல."

"விளையாடுறியா? அங்க மூணு கோழிய வச்சா ஆள் எப்படிப் போறது? நம்ம வீட்ல ஏதுடீ எடம்?"

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

தம்பி அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்து ஒற்றைச் செருப்போடு நின்றான். மருமகள் குஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்கா ஜெயித்த ஆள் மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம். நல்ல வசனங்கள் நாலைந்து கைவசம் இருந்தன. ஆனால் மகன் முகம் சின்ன வயசில் சில்லறையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிற முகம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"விடுடா" என்றார். "நான் அங்க வந்தா உன்னையும் கொத்துவேன், சம்பந்தியையும் கொத்துவேன். எனக்கு என்னைத் தெரியாதா?"

"நீ விழுந்தப்போ ஒரு மணி நேரம்மா." என்றான் மகன். "ஒரு மணி நேரம் அங்க கெடந்திருக்க. எனக்குக் கடையில வேலையே ஓடல."

"அது நிஜம்" என்றார் அக்கா. "அதுக்கு வேற வழி பண்ணணும். அதுக்கு மட்டும்."

"வழி இருக்கே" என்று தம்பி செருப்போடு உள்ளே வந்தான். "என் ஸ்டோர்ல லிஃப்ட் அலாரம் ஒண்ணு சும்மா கெடக்கு. சிவப்பு பட்டன். தரையிலேர்ந்து ஒரு அடி உசரத்துல போட்டா விழுந்து கெடந்தாலும் எட்டும். மணியைத் தையல்காரர் வீட்டுச் சுவருல, அவர் மிஷினுக்கு நேர் மேல. விசில்னு நினைச்சு அவர் சும்மா இருக்கவே முடியாது. பொணமும் எந்திரிச்சு உக்காரும்."

"இதை ரெண்டு மாசம் முன்னாலயே போட்டிருக்கலாமே மாமா?"

"யாரும் கேக்கலையேடா."

அரை மணி நேரத்தில் மாமாவும் மருமகனும் பாத்ரூமுக்குள் புகுந்து சுவரில் துளை போட ஆரம்பித்தார்கள். மகன் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாத்ரூம் தரை வழுக்குகிறது என்று ஒன்பது தடவை சொன்னான். பத்தாவது தடவை அவனே வழுக்கி, மாமாவின் தோளைப் பிடித்துத் தப்பினான். மாதம் இரண்டு ஞாயிறு வந்து தரையைத் தானே தேய்ப்பதாக அங்கிருந்தே கத்தினான். "வாடா, யார் வேணாங்கிறா" என்று அக்கா பதிலுக்குக் கத்தினார்.

மருமகள் பின்முற்றத்துக்கு வந்தாள். அக்கா சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார், பெரிய கூண்டுக்கு.

"எத்தனை நிக்கும் அத்தை?"

"வளந்த கோழின்னா ஆறு. மிச்ச ஆறுக்கும் எடம் பாக்கணும். அதுல சேவல் எத்தனையோ, அது வேற இருக்கு."

"அதுங்க இங்க வந்துட்டா உள் ரூம் காலியாயிடும்ல?"

அக்கா நிமிர்ந்தார். மருமகள் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பாவ ஒண்ணும் சொல்ல முடியாது. தங்கச்சிக்குப் பரீட்சை முடியணும். இவர் நல்லவர்தான். ஆனா நான் ஒரு கதவைச் சாத்திட்டு உக்காந்து ரெண்டு வருஷம் ஆச்சு அத்தை. எப்பவாவது ஒரு சனிக்கிழமை மட்டும்... நான் மட்டும்..."

"தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பண்ணும்" என்றார் அக்கா. "தூக்கிப் போடணும். உள்ளேர்ந்து போட்டுக்கோ. சாப்பாட்டுக்குக்கூடக் கூப்பிடமாட்டேன்."

அப்போது தையல்காரர் வீட்டுச் சுவரில் மாட்டிய அலாரம் மணி அடித்தது. பன்னிரண்டு குஞ்சுகளும் ஒரே நேரத்தில் அலறின. தையல்காரர் கழுத்தில் இஞ்ச் டேப்பும் கையில் கத்திரிக்கோலுமாகச் செருப்பில்லாமல் ஓடி வந்து பாத்ரூம் வாசலில் முட்டி நின்றார். மணி நிற்கவில்லை. மகன் பட்டனை அமுக்கினான், இழுத்தான், திருகினான்.

"மாமா, இது எப்படி நிக்கும்?"

"லிஃப்ட் அலாரம்டா அது. மெக்கானிக் வந்துதான் நிறுத்தணும்."

"நீங்கதானே மாமா மெக்கானிக்!"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடா" என்றான் தம்பி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு. "லீவு."